தணிக்கை அறிக்கை மேசைக்குள் தூங்கலாமா?

கடைப் பாதுகாப்புத் தணிக்கையும் அதையொட்டி எழும் கருத்து வேறுபாடுகளும்: வணிகர்களுக்கு ஒரு பாடம்



தணிக்கை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கணக்குத் தணிக்கைதான். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டரிடம் பேரேட்டைக் கொடுக்கிறோம். அவர் கேட்கும் ரசீதுகளைத் தேடி எடுத்துத் தருகிறோம். கடையின் பாதுகாப்புக்கும் இப்படி ஒரு தணிக்கை உண்டு. பூட்டு, ஷட்டர், மின்கம்பி, கிடங்கு, கல்லாப்பெட்டி, கேமரா, பில் போடும் கம்ப்யூட்டர் ஆகியவற்றை வெளியாள் ஒருவர் வந்து பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதே பாதுகாப்புத் தணிக்கை. காப்பீட்டு நிறுவனம் கேட்டு இது நடக்கலாம். சரக்கின்பேரில் கடன் தரும் வங்கி கேட்டு நடக்கலாம். நாமே கூலி கொடுத்தும் செய்து கொள்ளலாம்.

அறிக்கை வாங்குவது எளிது. அதற்குப் பிறகுதான் கடைக்குள் சச்சரவு தொடங்குகிறது. செய்வதா, வேண்டாமா, யார் செலவு, யார் பொறுப்பு என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் அறிக்கை மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. இந்தச் சச்சரவை எப்படி முறையாகத் தீர்ப்பது என்பதுதான் இந்தப் பாடத்தின் பொருள்.

கடைக்குள் எழும் குரல்கள்

ஓர் எடுத்துக்காட்டுக்காகத் திண்டிவனத்தில் ஒரு மளிகை மொத்தக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் கடை, பின்னால் கிடங்கு, மேலே பரண். உளுந்து, மணிலா, மிளகாய் வற்றல், எண்ணெய் டின், சூடம், தீப்பெட்டிப் பண்டல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்த வேலையாட்கள் இருவர் இரவில் கடைக்குள்ளேயே படுக்கிறார்கள். முதலாளி ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். காப்பீடு புதுப்பிக்கும் நேரத்தில் தணிக்கையாளர் ஒருவர் வந்து பார்த்து எட்டுப் பரிந்துரைகள் எழுதித் தருகிறார்.

1. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டக் கூடாது. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் பின்கதவு ஒன்று வேண்டும்.
2. பழைய வயரிங்கை மாற்றி எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்த வேண்டும்.
3. எண்ணெய், சூடம், தீப்பெட்டி ஆகியவை மின்பலகைக்கு அருகில் இருக்கக் கூடாது. தீயணைப்புக் கருவி இரண்டு வேண்டும்.
4. மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும்.
5. இரவில் கல்லாப் பணத்தை இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும்.
6. பில் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும். வாரம் ஒருமுறை கணக்கை நகலெடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.
7. பணம் வாங்கும் கியூ.ஆர். அட்டையைத் தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும்.
8. பதினாறு கேமராக்கள் வைக்க வேண்டும்.

முதலாளி படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பின்னாடி கதவு வெச்சா திருடன் அந்த வழியாத்தான் வருவான். எங்க அப்பா காலத்துலேருந்து இப்படித்தான் பூட்டறோம். ஒண்ணும் ஆகலையே."

கணக்குப்பிள்ளையின் முகம் வாடுகிறது. "இருபத்திரண்டு வருஷமா கல்லாச் சாவி என்கிட்டதான் இருக்கு முதலாளி. இப்ப ரெண்டு பேரா எண்ணணும்னா, என்மேல நம்பிக்கை போயிடுச்சா?"

மகன் படித்தவர். "எட்டையும் இந்த வாரமே செஞ்சிடணும்ப்பா. இல்லேன்னா காசு கொடுத்து அவரை எதுக்குக் கூப்பிட்டோம்?" என்கிறார்.

உள்ளே படுக்கும் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

இந்த நான்கு குரல்களும், அந்த மௌனம் உட்பட, விழுப்புரமாக இருந்தாலும் திண்டிவனமாக இருந்தாலும் நம் கடைகளில் கேட்கக் கூடியவைதான். ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்ப்போம்.

"பின்கதவு வைத்தால் திருடன் வருவான்"

இது வெறும் பிடிவாதமல்ல. சரக்கைக் காப்பதும் ஆளைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முட்டுகிற இடம் இது. ஆனால் பூட்டு மட்டும் திருடனைத் தடுக்கிறதா? 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு நகைக்கடையிலும், 2021 டிசம்பரில் வேலூரில் ஒரு நகைக்கடையிலும் பெரிய திருட்டுகள் நடந்தன. இரண்டிலும் திருடர்கள் சுவரில் துளையிட்டு உள்ளே நுழைந்தார்கள். வேலூரில் கேமராக்களின்மேல் வண்ணத்தைத் தெளித்துவிட்டு வேலையை முடித்தார்கள். திட்டமிட்டு வருகிற திருடனுக்குக் கதவு ஒரு வழி மட்டுமே, சுவரும் வழிதான்.

உள்ளே படுத்திருப்பவனுக்கோ கதவைத் தவிர வேறு வழியில்லை. 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் டில்லி அனாஜ் மண்டிப் பகுதியில், சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. அனாஜ் மண்டி என்றால் தானியச் சந்தை என்று பொருள். வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கிய தொழிலாளர்கள் 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

ஆகவே முதலாளியின் கவலையையும் ஏற்று, தணிக்கையாளரின் பரிந்துரையையும் ஏற்கும் வழியைத் தேட வேண்டும். வழி இருக்கிறது. இரும்புத் தகடு அடித்த கதவு. வெளிப்பக்கம் கைப்பிடியோ சாவித்துவாரமோ இல்லை. உள்ளே மட்டும் தாழ்ப்பாள். வெளியிலிருந்து சுலபமாகத் திறக்க முடியாது. உள்ளிருப்பவர் இருட்டிலும் ஒரு கையால் திறக்கலாம். கட்டடம் வாடகை என்றால், கதவு வைக்கக் கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை உள்ளே யாரையும் படுக்க வைக்கக் கூடாது. வேறு தங்குமிடம் பார்த்துத் தருவது அந்த மாதத்துச் செலவுதான்.

"என்மேல் நம்பிக்கை இல்லையா?"

கணக்குப்பிள்ளையின் வருத்தம் நியாயமானது. அதை அலட்சியம் செய்தால் நல்ல ஊழியரை இழப்போம். அவருக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான்: ஒருவரே எண்ணும்வரை, கல்லாவில் ஒரு நாள் ஐந்நூறு குறைந்தாலும் சந்தேகம் அவர் ஒருவர்மேல்தான் விழும். தாம் எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் எந்தச் சாட்சியும் இருக்காது. இருவர் எண்ணிக் கையெழுத்திட்டால் அந்தச் சீட்டே அவருக்குச் சாட்சி. நேர்மையானவரைக் காப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. வங்கியில் பெட்டக அறையை இரண்டு சாவிகள் கொண்டு இருவர் சேர்ந்து திறக்கிறார்கள். அங்கே யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஒன்று. இந்த முறை முதலாளிக்கும் மகனுக்கும் சேர்த்தே பொருந்த வேண்டும். முதலாளி இடையில் கல்லாவிலிருந்து எடுத்தால் அவரும் சீட்டு எழுத வேண்டும். வீட்டாருக்கு ஒரு சட்டம், வேலையாளுக்கு ஒரு சட்டம் என்றால் கணக்குப்பிள்ளையின் வருத்தம் உண்மையாகிவிடும். கம்ப்யூட்டர் கடவுச்சொல்லும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், தவறான பில்லை அழித்தது யார் என்று ஒருநாளும் தெரியாது.

"எட்டையும் உடனே செய்துவிடலாம்"

மகனின் ஆர்வம் நல்லது. ஆனால் எட்டும் ஒரே எடை உள்ளவை அல்ல. முதல் மூன்றும் உயிர் சம்பந்தப்பட்டவை. நான்கு முதல் ஏழு வரை சரக்கும் பணமும் சம்பந்தப்பட்டவை. எட்டாவதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். சிறிய கடைக்குப் பதினாறு கேமரா எதற்கு? தணிக்கை செய்தவரே கேமரா விற்பவராகவும் இருந்தால் அந்தப் பரிந்துரையை வேறொருவரிடம் காட்டிக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. கல்லா, வாசல், கிடங்கு வழி ஆகிய மூன்றையும் தெளிவாகக் காட்டும் கேமராக்கள் போதும் என்று நாம் மாற்று சொல்லலாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் மிகுதியாகப் பாய்ந்தாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ எம்.சி.பி. இணைப்பைத் துண்டிக்கும். மனித உடல் வழியாக மின்சாரம் கசிந்தால் அது பெரும்பாலும் எம்.சி.பி.க்குத் தெரியாது, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதற்குத் தேவை. அதன் விலை ஒரு மூட்டை உளுந்தின் விலைக்குள் அடங்கும். மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போடுவதும் அப்படிப்பட்ட சிறு செலவுதான். பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்ற அந்த நாட்களில், முழங்கால் உயரத் தண்ணீரை மரச்சட்டம் தடுத்திருக்காது. கணுக்கால் உயரத் தண்ணீர் வந்த கிடங்கில் அடி மூட்டை தப்பியிருக்கும்.

கியூ.ஆர். அட்டைக்குச் செலவே இல்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் பல கடைகளின் கியூ.ஆர். அட்டைமேல் இரவோடிரவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் செலுத்திய பணம் வேறு கணக்குக்குப் போனது. காலையில் கடை திறந்ததும் நம் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி, யார் பெயர் வருகிறது என்று பார்த்தால் போதும்.

ஒரே கட்டடம், இரண்டு பதில்கள்

பரிந்துரை வந்ததும் என்ன பதில் சொல்கிறோம் என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். வங்காளதேசத்தில் டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். மேலே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களிலும் தூண்களிலும் விரிசல் கண்டது. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, கட்டடம் ஆபத்தானது, ஆட்களை வெளியேற்றுங்கள் என்றார். கட்டட உரிமையாளரோ ஆபத்தில்லை என்று அறிவித்தார்.

கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேலே இருந்த தொழிற்சாலைகள் ஆட்களை வேலைக்கு அழைத்தன. தொழிலாளர்கள் வாசலில் நின்று தயங்கினார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று சிலர் மிரட்டப்பட்டார்கள். 24-ஆம் தேதி காலை ஒன்பது மணியளவில் மின்சாரம் நின்றது, மாடியிலிருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுக்கொடுத்தவர்களின் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மறுப்புச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் தொழிலாளர்கள்தான். அவர்கள் தயங்கவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் பேச்சுக்கு மதிப்பில்லை. அந்தத் தொழிற்சாலைகளில் சில, அதற்கு முன்பு வேறு தணிக்கைகளில் தேறியவை. அந்தத் தணிக்கைகள் கட்டடத்தின் உறுதியைப் பார்க்கவில்லை. "தணிக்கை ஆகிவிட்டது" என்பதோடு, எது பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே பாடம்.

அதன் பிறகு, 2013 மே மாதத்தில், ஆடை வாங்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தணிக்கை; ஒவ்வொரு குறைக்கும் சரிசெய்ய ஒரு தேதி; அறிக்கையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுதல்; ஆபத்தென்று நம்பும் தொழிலாளி சம்பளம் இழக்காமல் வேலையை மறுக்கும் உரிமை. இந்த நான்கும் அதில் இருந்தன. நம் சிறு கடைக்கும் இவை பொருந்தும்.

பதில் வராத அறிக்கை

கம்ப்யூட்டர் பாதுகாப்பிலும் இதே கதைதான். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற கம்ப்யூட்டர் வைரஸ் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. மைக்ரோசாப்ட் அதற்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அந்தத் திருத்தத்தைப் போடாதவர்கள் பலர் அகப்பட்டார்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. தாக்குதலுக்கு முன்பே 236 மருத்துவ அமைப்புகளில் 88-இல் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நேரில் சோதிக்கப்பட்டிருந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் சோதித்தவர்களுக்குச் சரிசெய்யச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் இல்லை. பரிந்துரை எழுதினார்கள், எல்லாருமே பதில் சொல்லி ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சச்சரவைத் தீர்க்கும் முறை

மேலே பார்த்தவற்றிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே. பரிந்துரையை மறுக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. பதில் எழுதாமல் விட உரிமை இல்லை. இதை நடைமுறையில் இப்படிச் செய்யலாம்.

முதலாவது, அறிக்கை வந்த ஒரு வாரத்துக்குள் பரிந்துரைகளை உயிர், சரக்கும் பணமும், ஒழுங்கு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். முதலாளி எதிரில் நிற்கும்போது வேலையாள் "சரிங்க" என்றுதான் சொல்வார். இரவில் உள்ளே படுப்பவரையும், மூட்டை தூக்குபவரையும் கடைசியாக அல்ல, முதலில் கேட்க வேண்டும். எந்த ஸ்விட்ச்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, ஒவ்வொரு பரிந்துரைக்கும் மூன்றில் ஒரு பதில் எழுத வேண்டும்: ஏற்கிறோம், மாற்று செய்கிறோம், மறுக்கிறோம். மாற்று என்றால் என்ன மாற்று, மறுப்பு என்றால் என்ன காரணம் என்றும் எழுத வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்பது பதிலாகாது.

நான்காவது, ஏற்றதற்கு ஒருவர் பெயரும் ஒரு தேதியும் வேண்டும். மறுத்ததன் கீழே முதலாளியே கையெழுத்திட வேண்டும்; கணக்குப்பிள்ளையோ மகனோ போடக் கூடாது. கையெழுத்திடும்போது கை தயங்கினால், அந்தப் பரிந்துரையை இன்னொரு முறை படியுங்கள்.

ஐந்தாவது, உயிர் சம்பந்தப்பட்ட பரிந்துரைக்கு மறுப்பு என்ற பதில் இல்லை. மாற்று மட்டுமே உண்டு. அந்த மாற்று முடியும்வரை ஆபத்தான பழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக் கடையின் பதில் தாள் இப்படி இருக்கும்:

பரிந்துரை 1: மாற்று. கட்டட உரிமையாளரிடம் கதவுக்கு அனுமதி கேட்டுக் கடிதம். இன்றிரவு முதல் கடைக்குள் யாரும் படுப்பதில்லை. பொறுப்பு: முதலாளி.
பரிந்துரை 2: ஏற்கிறோம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ஒரு மாதத்துக்குள். பொறுப்பு: மகன்.
பரிந்துரை 5: ஏற்கிறோம். நாளை முதல். எண்ணுபவர்கள்: கணக்குப்பிள்ளையும், அன்று கடையிலிருக்கும் வீட்டார் ஒருவரும்.
பரிந்துரை 8: மறுக்கிறோம். மூன்று இடத்துக் கேமராக்கள் போதும். ஆறு மாதத்தில் மீண்டும் பார்ப்போம். கையெழுத்து: முதலாளி.

சட்டமும் இதே வழிதான்

இந்த முறை நமக்குப் புதிதல்ல. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 32-ஆம் பிரிவைப் பாருங்கள். குறை கண்டால் அதிகாரி மேம்பாட்டு அறிவிப்பு தருவார். அதில் குறை என்ன, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, 14 நாளுக்குக் குறையாத அவகாசமும் தர வேண்டும். செய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். பிறகும் செய்யாவிட்டால் ரத்து செய்யலாம். ஒப்பாதவர் உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். குறை, தேதி, மறுக்கும் வழி மூன்றும் எழுத்தில் இருக்கின்றன.

காப்பீட்டுக்கும் இது பொருந்தும். பாலிசியில் பூட்டு, கதவு, தீயணைப்புக் கருவி பற்றிய நிபந்தனைகள் இருந்தால், அவற்றை மீறியிருந்தால் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும். எழுதி வைத்த பதில் தாளும், செலவு செய்த பில்களும் அப்போது நம் பக்கம் பேசும். இழுப்பறையில் கிடந்த அறிக்கை எதிராளியின் பக்கம் பேசும்: "இவருக்கு முன்பே தெரியும், தெரிந்தும் செய்யவில்லை."

கிளைக் கூட்டங்களில் பேச

கீழ்க்கண்ட கேள்விகளை உறுப்பினர்கள் தங்கள் கிளைக் கூட்டங்களில் பேசுவது நலம்.

1. இன்றிரவு நம் கடைக்குள் யாராவது படுக்கிறார்களா? தீப்பிடித்தால் அவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள்?
2. கடைசியாக வந்த தணிக்கை அறிக்கை எங்கே இருக்கிறது? அதில் எத்தனை பரிந்துரைக்கு நாம் எழுத்தில் பதில் சொன்னோம்?
3. வேலையாட்கள் ஆபத்தென்று சொன்னால் யாரிடம் சொல்வார்கள்? சொன்னவருக்கு அன்றைய கூலி கிடைக்குமா?
4. ஒரே வீதியில் பல கடைகள் சேர்ந்து ஒரு மின்பணியாளரையும் ஒரு தணிக்கையாளரையும் அமர்த்தினால் செலவைப் பங்கிட்டுக்கொள்ள முடியாதா?

முதல் கேள்விக்கு மட்டும் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். இன்று கடை கட்டும் முன்பே அதற்குப் பதில் பார்த்துவிடுங்கள்.